தாளில் திருந்தினால் தறியில் வருத்தமில்லை

வைகைக் கரையில் அமைந்த பரமக்குடியும் எமனேஸ்வரமும் கைத்தறிக்குப் பேர்பெற்ற ஊர்கள் என்பது நம் அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. இவ்வூர்களின் கூட்டுறவுச் சங்கங்களை நாடி, துணி வடிவமைப்புப் பயிலும் மாணவர்களும் மாணவிகளும் வருவதுண்டு. படிப்பு முடியுமுன் தாமே ஒரு புதிய வடிவத்தை ஆக்கிக் காட்டவேண்டும் என்பது அவர்களுக்குரிய விதி. அதற்குத் திட்டப்பணி என்று பெயர். இவர்களுள் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. உழவர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. இராமேஸ்வரம் தீவிலிருந்தும் மண்டபம் கரையிலிருந்தும் வருவோரும் உண்டு.

இவர்களுக்கு நம் சங்கங்கள் செய்யும் உதவி யாது? தறியைக் காட்டுகிறோம், கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம், காரியதரிசி கையொப்பமிட்ட கடிதம் ஒன்றைத் தருகிறோம். அவர்கள் வரைந்த படத்தை விரித்துக் காட்டினால், "நன்றாயிருக்கிறது" என்று ஒரே சொல்லில் வாழ்த்தி அனுப்பிவிடுகிறோம். அந்தப் படம் பரீட்சை மேசையோடு நின்றுவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு. புதுமையில் ஆசை கொண்ட சங்கம் ஒன்று, கொண்டுவந்த படத்தை அப்படியே ஏற்றுத் தறியில் போட்டுவிடுகிறது. நெய்த சேலைகள் விற்பனைக்கூட அலமாரியில் தங்குகின்றன. அதன்பிறகு எந்த மாணவர் வந்தாலும், "படித்தவர்கள் கொண்டுவரும் டிசைன் நமக்கு ஒத்துவராது" என்ற பேச்சே நிர்வாக சபையில் எழுகிறது. முதல்வகையில் இளைஞர் ஒருவரின் உழைப்பு வீணாகிறது. இரண்டாம் வகையிலோ நெசவாளரின் கூலி நாளும் சங்கத்தின் முதலும் வீணாகின்றன. இரண்டிலும் இழப்பு நம்முடையதே.

இவ்விரு இழப்புகளையும் குறைக்க எளிய வழியொன்று உண்டு. வடிவம் தறியேறுமுன், ஆக்கியவரின் சகமாணவரும், நெசவாளரும், விற்பவரும், உடுத்துபவரும் ஒருங்கே அமர்ந்து அதனைப் பார்த்து, கண்டதை ஒழுங்காக எடுத்துச் சொல்லவேண்டும். ஆக்கியவர் அதனைக் கேட்டுத் திருத்திக்கொண்டு மீண்டும் வரவேண்டும். தோழமை மதிப்புரை என்று இதனை அழைக்கலாம். பெயர் புதிதாயினும் செயல் நமக்குப் புதியதன்று. தெருவில் பாவு நீட்டிப் பசை போடும் வேளையில், அயல்வீட்டு நெசவாளர் வந்து இழை அறுந்திருப்பதைச் சுட்டிக்காட்டுவது பன்னெடுங்கால வழக்கம். பாவுக்குச் செய்துவரும் அந்த உபகாரத்தைப் படத்துக்கும் செய்யவேண்டுமென்பதே நாம் கூறவந்தது.

பிழையின் விலை

ஒரு வடிவத்தில் குற்றம் இருக்குமாயின், அதைத் திருத்தும் செலவு படிதோறும் ஏறிச்செல்கிறது. இதனை அங்கத்தினர் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும்.

வெறுந்தாளில் பென்சிலால் வரைந்த நிலையில் குற்றம் தெரிந்தால் அழிப்பானே போதும். கட்டத்தாளில் இழைக்கு ஒரு கட்டமாக நிரப்பியபின் தெரிந்தால் சில நாள் வேலை வீண். 1804-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் காட்டிய முறைப்படி அட்டையில் துளையிட்டபின் தெரிந்தால், அட்டையும் துளையிட்ட கூலியும் நட்டம். பாவில் சாயம் ஏறித் தறியில் பிணைத்தபின் தெரிந்தாலோ, அந்தப் பாவில் வரும் சேலைகள் அத்தனையிலும் குற்றம் தொடரும். விற்பனைக்கூடத்தில் தெரிந்தால் திருத்தவே வழியில்லை; தள்ளுபடி விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

இப்போது கணினியில் வரைவோர் பெருகியுள்ளனர். மின்னணு ஜக்கார்டு அமைந்த தறிகளில் அட்டைச் செலவும் இல்லை. எனினும் பாவும் சாயமும் நெசவாளர் உழைப்பும் அப்படியே இருக்கின்றன. ஆகவே, பலர் பார்வையைப் படம் தாளில் இருக்கும்போதே தேடிக்கொள்வதுதான் சிக்கனம். முடிந்த துணியைக் காட்டி அபிப்பிராயம் கேட்பவர் பெரும்பாலும் பாராட்டையே எதிர்பார்க்கிறார். முடியாத படத்தைக் காட்டுபவருக்கே உதவி கிடைக்கும்.

சொல்லும் முறை

பலரைக் கூட்டினால் மட்டும் பயன் விளையாது. சொல்வதற்கு முறை வேண்டும். அமெரிக்க நாட்டு ஆசிரியர் ரான் பெர்கர் என்பவர் இதற்கு மூன்று விதிகளை வகுத்துள்ளார். சொல்லும் சொல் அன்பாக இருக்கவேண்டும், குறிப்பாக இருக்கவேண்டும், உதவுவதாக இருக்கவேண்டும்.

இவ்விதிகளை விளக்க அவர் காட்டும் உதாரணம் ஒன்று உலகெங்கும் ஆசிரியர்களிடையே பரவியுள்ளது. அந்நாட்டின் ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரில், முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் புகைப்படம் பார்த்து வரைய வேண்டியிருந்தது. முதலில் அவன் வரைந்தது, குழந்தைகள் யாரும் வரையும் சாதாரணப் பூச்சிதான். சகமாணவர்கள் புகைப்படத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். முதலில் இறகின் உருவத்தைப் பற்றி மட்டும் பேசினர்: முனை கூர்மையாக வரவேண்டும், இறகு முக்கோணம்போல் இருக்கவேண்டும் என்றனர். உருவம் சரியான பிறகே இறகிலுள்ள கோடுகளைப் பற்றிப் பேசினர். ஆறாம் முறை வரைந்தபோது, அது அச்சிறுவனின் கைவேலைதானா என்று பெரியோர் வியக்குமளவு படம் அமைந்துவிட்டது.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடங்கள் இரண்டு. "நன்று", "நன்றன்று" என்ற சொற்களால் யாரும் திருந்துவதில்லை. எந்த இடம், எவ்வாறு மாறவேண்டும் என்று சொன்னால்தான் கை திருந்தும். மேலும், எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் கொட்டினால் கேட்பவர் திகைத்துப்போவார். முதலில் உருவம், அடுத்து அமைப்பு, இறுதியில் நிறம் என்று வரிசையாகப் பேசவேண்டும்.

நம் நாட்டிலும் இதற்குத் துணைசெய்யும் சிந்தனை உண்டு. இந்திய அரசின் அழைப்பில் வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று. அவ்வறிக்கையில் அவர்கள் வியந்து பேசிய பொருள் நம் வீட்டுச் சொம்பு. அதனை ஆக்கவேண்டுமானால் என்னென்ன கேள்விகள் கேட்கவேண்டும் என்று அவர்கள் அடுக்கினர்: எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், எவ்வாறு தூக்குவர், தலையிலா இடுப்பிலா கையிலா, நிறைந்தபோதும் குறைந்தபோதும் எடை எங்கே தங்கும், எப்படிக் கழுவுவர் என்பன போன்ற கேள்விகள் அவை. சேலைக்கும் இத்தகைய கேள்விகள் உண்டு. அவற்றைக் கேட்கத் தெரிந்தவர்கள் சேலையை நெய்பவரும் உடுத்துபவருமே.

ஓர் எடுத்துக்காட்டு

இம்முறை நம் மாவட்டத்துச் சங்கம் ஒன்றில் எவ்வாறு நடைபெறும் என்பதைக் கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். இராமேஸ்வரம் தீவைச் சேர்ந்த மாணவி ஒருவர், பருத்திச் சேலைக்கு வடிவம் ஆக்கிப் பரமக்குடிப் பக்கத்துச் சங்கத்துக்குக் கொண்டுவருகிறார் என்று கொள்வோம். சேலையின் உடலில் முண்டு மிளகாய்ப் புட்டா. முந்தானையில் பாம்பன் பாலம். இரண்டும் நம் மாவட்டத்தின் அடையாளங்கள். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை உழவர் அங்கத்தினர் அறிவர்.

சங்கத்தின் கூடத்தில் எண்மர் அமர்கின்றனர்: சகமாணவர் இருவர், நெசவாளர் இருவர், மிளகாய் பயிரிடும் உழவர் ஒருவர், விற்பனைக்கூடத்தில் பணிபுரியும் பெண் ஒருவர், சேலை வாங்கி உடுத்தும் குடும்பத்தலைவி ஒருவர், பாம்பனில் பனையோலைப் பெட்டி முடையும் பெண் ஒருவர். படத்தைச் சுவரில் மாட்டுகின்றனர். முதற்பத்து நிமிடம் மாணவி வாய்திறப்பதில்லை. சேலை கடைக்குச் சென்றபின், "நான் கருதியது இது" என்று சொல்ல அவர் அதனுடன் செல்லப்போவதில்லை. விளக்கமில்லாமல் படம் என்ன சொல்கிறது என்பதே முதலில் தெரியவேண்டும்.

முதல் அமர்வில் உருவத்தைப் பற்றி மட்டுமே பேச்சு. உழவர் கேட்கிறார்: "அம்மா, இது மிளகாயா, தக்காளியா? முண்டு உருண்டைதான், ஆனால் காம்பும் அதன் அடியிலுள்ள தொப்பியும் இல்லாவிட்டால் அதை மிளகாய் என்று யார் அறிவார்?" அரைமணி நேரச் சொற்பொழிவு தராத பயனை இக்கேள்வி தந்துவிடுகிறது. தீவிலிருந்து வந்த சகமாணவர் பாலத்தைப் பார்த்து, "எந்தப் பாலம்?" என்கிறார். 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில், கப்பல் செல்லும் வழி இரு கைகளைத் தூக்கினாற்போல் இருபுறமும் பிரிந்து எழும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், நடுப்பகுதி இரு கோபுரங்களுக்கிடையே நேராக மேலேறும். படத்திலோ இரண்டும் கலந்திருக்கின்றன. அயலூரார் இதனைக் காணமாட்டார். பாம்பன் மக்கள் கண்டவுடன் நகைப்பர். குடும்பத்தலைவி சொல்வது வேறு: "முந்தானை முதுகுக்குப் பின்னால் தொங்கும்போது சேலையின் முடிவுதானே கீழே வரும்? இந்தப் படத்தில் பாலம் தலைகீழாக அல்லவா தொங்கும்!" இம்மூன்றும் தாளிலேயே தெரிந்துவிட்டன. இதுவரை ஆன செலவு ஒன்றுமில்லை.

இரண்டு வாரங் கழித்து இரண்டாம் அமர்வு. படம் இப்போது கட்டத்தாளில் இருக்கிறது. இன்று பேசவேண்டியவர் நெசவாளர். அவர் போடும் கணக்கைக் கேளுங்கள். ஜக்கார்டுப் பெட்டியில் 240 கொக்கி. அங்குலத்துக்குப் பாவிழை 80. கொக்கிக்கு ஓரிழை என்று வைத்தால் உருவத்தின் அகலம் 3 அங்குலம். சேலையின் அகலம் 48 அங்குலமானால் அதே பாலம் 16 முறை வரும். மாணவி எண்ணியதோ முந்தானை முழுதும் நீளும் ஒரே பாலம். ஒன்று, எண்ணத்தை மாற்றி, சிறுபாலங்கள் கைகோத்து ஒரே தொடராகத் தோன்றுமாறு ஓரங்களைப் பொருத்த வேண்டும். அன்றேல் வேறு உருவம் தேடவேண்டும். உருவ ஊடை அங்குலத்துக்கு 60 என்றால், 3 அங்குல உயரத்துக்கு 180 அட்டை வேண்டும். இக்கணக்கை அவர் அட்டை அடிக்குமுன் சொல்லிவிட்டார் என்பதே ஆதாயம்.

அவர் மேலும் ஒன்று காட்டுகிறார். பாலத்தின் மேல்தளம் இடைவெளியற்ற ஒரே கோடாக வரையப்பட்டிருக்கிறது. அப்படியே நெய்தால் உருவ ஊடை பாவோடு கட்டுண்ணாமல் மேலே மிதக்கும். அங்குலத்துக்கு 80 இழை என்றால் 40 இழை மிதந்தாலே அரை அங்குலம். வளையலிலும் மெட்டியிலும் மாட்டி இழுபடும். எட்டு இழைக்கு ஒருமுறையேனும் கட்டுப்புள்ளி வைத்தாகவேண்டும். அழகிய கோடு உடைகிறதே என்று மாணவியின் முகம் வாடுகிறது. அப்போது சகமாணவர் ஒருவர், அக்கட்டுப்புள்ளிகளைச் சீரான இடைவெளியில் வைத்தால் தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் குறுக்குக்கட்டைகள்போல் தோன்றுமே என்கிறார். நெசவாளர் கண்ட குறை, தோழரின் சொல்லால் வடிவத்தின் சிறப்பாக மாறிவிட்டது. பனையோலை முடையும் பெண்மணியும் பேசுகிறார். ஓலையில் சாய்ந்த கோடு எதுவும் படிப்படியாகத்தான் ஏறும் என்பதை அவர் கையறியும். பழைய பாலத்தின் தூக்கிய கைகளை வழுவழுப்பாக்க முயலாமல், படிகளை ஒரே அளவாக வைத்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும் என்று அவர் வழி சொல்கிறார்.

மூன்றாம் அமர்வு நிறத்துக்கு உரியது. சிறு அட்டைத்துண்டுகளில் நூலைச் சுற்றி, பாவின் நிறமும் ஊடையின் நிறமும் அருகருகே எவ்வாறு தோன்றுகின்றன என்று பார்க்கின்றனர். தாளில் வண்ணம் தீட்டியது போலத் துணியில் வராது. சிவப்புப் பாவில் பச்சை ஊடை கலந்தால் பச்சையும் இராது, சிவப்பும் இராது. மங்கிய பழுப்பே மிஞ்சும். உழவர், "இது செடியில் பழுத்த சிவப்பு, களத்தில் காய்ந்தபின் இன்னும் கறுத்த சிவப்பாகும். எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்" என்கிறார். விற்பனைப் பெண், முந்தானையை மடித்துக் குத்துபவர்களுக்குப் பாலம் மடிப்பில் மறைந்துபோகும், ஆகவே மடித்தாலும் தெரியும் ஒரு கரைக்கோடு வேண்டும் என்கிறார். பின்னர், நெய்து முடியும் பாவொன்றின் கடைசியில் மிஞ்சும் சில சாண் நீளத்தில் மாதிரி நெய்து பார்க்கின்றனர். புதிதாகப் பாவு ஓட்டாமலே துணி கையில் வந்துவிடுகிறது.

மூன்று அமர்வுகளுக்கும் சேர்த்து ஐந்தாறு மணி நேரம் சென்றிருக்கும். இதற்குப் பின்னரும் சேலை விற்காமற் போகலாம். சந்தையை யாரும் முன்னறிந்து சொல்ல இயலாது. ஆனால் தக்காளி மிளகாயாலும் தலைகீழ்ப் பாலத்தாலும் மிதக்கும் இழையாலும் அது தோற்காது.

உழவர் கண்ட வழி

இது நெசவாளருக்கு மட்டும் உரிய முறையென்று உழவர் அங்கத்தினர் நினைக்கவேண்டா. உழவர் உலகம் இதில் முன்னோடியே. இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் பெரிதும் அழித்ததைத் தொடர்ந்து, 1989-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கின. சுமார் 25 உழவர் பருவம் முழுதும் வாரந்தோறும் வயலில் கூடுவர். சிறு குழுக்களாகப் பிரிந்து பயிரையும் பூச்சியையும் அப்பூச்சியைத் தின்னும் நன்மைப் பூச்சியையும் எண்ணுவர். கண்டதைப் பெரிய தாளில் படமாக வரைந்து மற்றக் குழுக்களின் முன் வைப்பர். பிறர் கேள்வி கேட்பர். விவாதித்தபின், மருந்து வேண்டுமா வேண்டாவா என்று முடிவு செய்வர்.

உத்தியோகஸ்தர் வந்து உத்தரவிடுவதைவிட, தம்மைப் போன்ற உழவர் கேட்ட கேள்வி மனத்தில் பதிகிறது என்பதே இப்பள்ளிகளின் அடிப்படை. பின்னர் அவை பல நாடுகளுக்கும் பரவின. நம் நாட்டிலும் நடைபெறுகின்றன. இவற்றில் கலந்துகொண்ட உழவருக்கு, ஒரு படத்தின் முன்னமர்ந்து கண்டதைக் கண்டவாறு சொல்லும் பழக்கம் ஏற்கெனவே கைவந்திருக்கும். அவரை நெசவாளரின் கூட்டத்துக்கும் அழைக்கவேண்டும்.

கட்ச்சு நெசவாளரின் பள்ளி

நெசவாளரே மாணவராய் அமர்ந்து வடிவமைப்புக் கற்ற இடமும் நம் நாட்டில் உண்டு. குஜராத் மாநிலத்துக் கட்ச்சுப் பகுதியில் 2005-இல், ஜூடி ஃப்ரேட்டர் என்னும் அம்மையாரின் முயற்சியால் கலா ரக்ஷா வித்யாலயா தோன்றிற்று. 2014-இல் அதே நெறியில் சோமையா கலா வித்யா தொடங்கப்பெற்றது. நெசவு, அச்சு, முடிச்சுச் சாயம், பூவேலை முதலிய தொழில்களைச் செய்யும் குடும்பங்களிலிருந்து மாணவர் வந்தனர். ஓராண்டுப் படிப்பு, இவ்விரண்டு வாரங்கொண்ட ஆறு பகுதிகளாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் மாணவர் தம் ஊர் திரும்பி, தம் தறியிலேயே பயிற்சி செய்வர். ஆண்டின் முடிவில் தாம் ஆக்கிய துணிகளை வல்லுநர் குழு ஒன்றின்முன் வைத்து, ஏன் அவ்வாறு செய்தோம் என்று தாமே விளக்குவர்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பரம்பரைத் தொழிலாளர் தம் வேலையைக் கையால் செய்து காட்டுவாரேயன்றி வாயால் விளக்கிப் பழக்கமில்லாதவர். பலர் முன்னிலையில் பேசிப் பழகியபின், வாங்குபவரிடமும் அவர்களால் பேச முடிந்தது. அப்படிப் பயின்ற கட்ச்சு நெசவாளர் சிலர், பின்னர் கர்நாடகத்துப் பாகல்கோட் மாவட்ட நெசவாளருக்கு வழிகாட்டிகளாகவும் சென்றனர். ஒரு தறியில் அமர்ந்தவரின் பேச்சை மற்றொரு தறியில் அமர்ந்தவர் எளிதில் ஏற்றுக்கொள்வார் என்பது இயல்புதானே.

எழக்கூடிய ஆட்சேபணைகள்

இம்முறையைச் சங்கங்களில் எடுத்துரைத்தால் சில ஆட்சேபணைகள் எழும். அவற்றை ஒதுக்கிவிடாமல் பதில் கூறுவது நம் கடமை.

கூலிக்கு நெய்பவர் தறியை விட்டு இறங்கினால் அன்றைய வருமானம் போகும் என்பது முதல் ஆட்சேபணை. இது முற்றிலும் நியாயமானது. நெசவாளரின் அறிவைக் கேட்டுப் பெறுகிறோமாயின் அதற்குரிய நேரப்படியைச் சங்கம் கொடுத்தாகவேண்டும். நிர்வாக சபையின் தீர்மானத்தோடு, கல்விச் செலவுக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து இதனைக் கொடுக்க வழிகாணலாம். ஒரு பாவு வீணாவதோடு ஒப்பிட்டால் அது சிறுதொகையே.

பலர் பேசினால் படம் யாருக்குமே சொந்தமில்லாத கலவையாகிவிடும் என்பது இரண்டாவது. கேட்பது வேறு, கேட்டபடியெல்லாம் செய்வது வேறு என்பதை முதல்நாளே தெளிவாக்கிவிட்டால் இவ்வச்சம் நீங்கும். எச்சொல்லை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யும் உரிமை வரைந்தவருடையது. தள்ளியதற்குக் காரணம் சொல்லும் கடமையும் அவருடையதே. அவ்வடிவத்தை நெய்வதா வேண்டாவா என்று முடிவு செய்யும் உரிமை சங்கத்துடையது. இவ்விரண்டையும் கலக்கலாகாது. படத்துக்கு வாக்கெடுப்பு நடத்துவதும் கூடாது.

புதிய வடிவம் வெளியே கசிந்து வேறொருவர் முந்திக்கொள்வார் என்பது மூன்றாவது. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே ஊரறிய வெளியான வடிவம் புதியதென்ற தகுதியை இழக்கும். ஆகவே, பதிவு செய்யும் எண்ணம் இருக்குமாயின், வந்து அமர்பவர் பெயரைக் குறித்துக்கொண்டு, அமர்வை அவர்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும்.

நான்காவது ஆட்சேபணையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அதுவே பெரியது. தலைவர் நன்றென்றால் மற்றவரும் நன்றென்பர். முதியவர் முன் இளையவர் பேசார். ஆடவர் முன் பெண்கள் பேசத் தயங்குவர். பட்டம் பெற்ற மாணவர் முன், எழுத்தறியாத நெசவாளர் தம் வாயைத் தாமே அடக்கிக்கொள்வார். இக்குறை நீங்காவிடில் எண்மர் கூடியும் ஒருவர் கூடியதற்கே ஒப்பாகும். இதற்கு வழி, பேசும் வரிசையை மாற்றுவதுதான். இளையவரும் பெண்களும் முதலில் பேசட்டும். தலைவர் இறுதியில் பேசட்டும். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லாமல், "இந்த இடத்தில் இப்படி ஆகுமே, என்ன செய்யலாம்?" என்று கேள்வியாகச் சொல்லட்டும். கேள்வியில் கேட்பவரின் அகந்தையும் தெரியாது. கேட்கப்பட்டவரின் மனமும் புண்படாது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. தாம் வரைந்ததைப் பிறர் குறைகூறக் கேட்பது யாருக்கும் எளிதன்று. இளைஞருக்கு இன்னும் கடினம். ஆகவே, மாணவர் செய்ததில் நிலைத்திருக்க வேண்டியது எது என்பதையும் சொல்லவேண்டும். முகத்துக்காகச் சொல்லும் புகழுரையை நாம் கூறவில்லை. எதை மாற்றவேண்டா என்று தெரிந்தாலொழிய அவர் நல்லதையும் சேர்த்து அழித்துவிடக்கூடும்.

சங்கங்கள் உடனே செய்யக்கூடியவை

இதற்கெனப் புதிய கட்டடமோ அரசு மானியமோ வேண்டியதில்லை. சங்கத்தின் கூடமும் ஒரு சுவரும் போதும். மாணவர் திட்டப்பணியை ஏற்கும் ஒவ்வொரு சங்கமும், கடிதம் கொடுக்கும் நாளிலேயே மூன்று அமர்வுகளின் தேதியையும் குறித்துக் கொடுக்கலாம். வடிவக் குறிப்பேடு என்று ஒன்றைத் திறந்து, யார் என்ன சொன்னார், வரைந்தவர் எதை ஏற்றார், எதை எக்காரணத்தால் தள்ளினார் என்பதை எழுதி வைக்கலாம். சேலை விற்பனையான பின்னர், அல்லது விற்காமல் தங்கிய பின்னர், அக்குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால் எவர் கண் எதில் கூர்மையானது என்பது தெரியவரும். சில ஆண்டுகளில் அது சங்கத்தின் விலைமதிப்பற்ற சொத்தாகிவிடும். தணிக்கைக்கு வரும்போது ரொக்கப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக அதனைப் பார்க்க நாம் ஆவலுடன் இருப்போம்.

தொழில்நுட்ப ஐயங்களுக்குச் சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய ஊர்களிலுள்ள நெசவாளர் சேவை மையங்களையும், 1960-இல் சேலத்தில் நிறுவப்பெற்ற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தையும் நாடலாம். ஆனால் முதற்பார்வை நம்முடையதாகவே இருக்கட்டும். சேலை முதன்முதலில் பிறப்பது நம் தெருவில் அல்லவா?

அகில உலகக் கூட்டுறவு ஸ்தாபனம் 1995-இல் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் தகவலும் அங்கத்தினருக்கு அளிக்கப்படவேண்டும் என்பது. இக்கொள்கையை நாம் பெரும்பாலும் வகுப்பு நடத்துவதோடு முடித்துக்கொள்கிறோம். அங்கத்தினரும் கற்பிக்கவல்லவர் என்பதை மறந்துவிடுகிறோம். நாற்பது ஆண்டு தறியில் அமர்ந்தவரின் கண்ணும், மிளகாய்க் களத்தில் நின்றவரின் கண்ணும் நம் சங்கங்களின் பங்குத்தொகையில் சேராத முதல். அம்முதலைப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தினால், அப்பிள்ளைகள் நாளை நம் தறிக்கே திரும்பிவர ஒரு காரணம் உண்டாகும்.

அடுத்த மாணவர் படச்சுருளோடு சங்க வாயிலில் நிற்கும்போது, "நன்றாயிருக்கிறது" என்ற ஒரே சொல்லோடு அனுப்பிவிடாதீர்கள். சுவரில் மாட்டச் சொல்லுங்கள்; தெருவிலுள்ளோரை அழையுங்கள்; உட்கார்ந்து பாருங்கள்.